காளான் சொன்ன உஷ்

கண்டக்டரை ஒரு காளான் அதட்டியிருக்கிறது. நட்ட நடுக்காட்டில், பட்டப்பகலில், காது கேட்க, 'உஷ்' என்று.

இதை அவர் சொல்லாத ஆள் ஊரில் பாக்கி இல்லை. பால்காரர் கேட்டிருக்கிறார். பல்லைப் பிடுங்க வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர் கேட்டிருக்கிறார். தப்பான நம்பருக்கு போன் போட்டு மாட்டிக்கொண்ட அப்பாவிகள் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாளன்றும், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்த நர்ஸிடம், வார்த்தைக்கு ஒரு மூச்சாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விழுந்த மரம்மா. அதுல கிண்ணி கிண்ணியா காளான். பக்கத்துல உக்காந்து என்பாட்டுக்குப் பேசிட்டிருந்தேன். 'உஷ்ஷ்'ன்னு ஒரு அதட்டு. ஆயுசு பூரா பஸ்ஸுல கத்தினவன், அன்னிக்குத்தான் வாயை மூடினேன். வீடு வர்ற வரைக்கும் தொறக்கல."

"அதுவே பொய்," என்றாள் அறையின் அந்தப் பக்கம் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. "வீட்டுக்கு வர்றதுக்குள்ள தெருவுல பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு."

நர்ஸ் சிரித்தாள். சிரித்துவிட்டு மனைவியைப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவளுக்கு உறுத்துவதும் அந்தப் பார்வைதான்.

தெருவில் அவளுக்கு லைப்ரரியம்மா என்று பெயர். பொது நூலகத்தில் நாற்காலி தேய உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அவள் ஒரு 'உஷ்' போட்டால் வாசகர்கள் மட்டுமல்ல, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியும் நின்றுவிடும் என்பது கண்டக்டர் கிளப்பிவிட்ட செய்தி. அப்படிக் கிளப்பிவிட்டவரே காளான் 'உஷ்' என்றது என்றால், அந்தக் காளான் யார் என்று கேட்பவர்களுக்குத் தெரியாதா? காட்டுக்குள் போயும் மனுஷனுக்குப் பெண்டாட்டி அதட்டலிலிருந்து விடுதலை இல்லை என்பதுதான் கதை. தன்னை வைத்துக் கட்டிய கேலி. லைப்ரரியம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அதனால்தான், கதை நடக்கும்போதெல்லாம் 'பொய்' என்று ஒரு முத்திரை குத்திவிட்டு எழுந்து போவாள்.

ஓய்வு பெற்றதும் கண்டக்டர் நேராக ஏறியது காட்டுக்குள்தான். பஸ் டிப்போவுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். முகத்தைப் பார்த்தே இறங்கும் இடத்தைச் சொன்ன மனுஷர், இப்போது காளான்களை மோந்து பார்த்தார், கவிழ்த்து அடிமடிப்பைப் பார்த்தார், தண்டைக் கிள்ளிவிட்டு நிறம் மாறுகிறதா என்று குத்துக்காலிட்டுக் காத்திருந்தார். கூட்டமாக முளைப்பவற்றுக்குச் சில்லறை என்று பெயர் வைத்தார். ஒல்லியாக, தனியாக, நெடுநெடுவென்று நிற்பது ஸ்டாண்டிங். எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் யாரென்று தெரியாதவர்கள் எல்லாரும் வித்தவுட். எதையும் தின்று பார்த்ததில்லை. பாசஞ்சரை எவனாவது சாப்பிடுவானா என்பார்.

காளானின் குடையை மட்டும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய காகிதத்தின் மேல் வைத்து, காற்றுப் படாமல் டம்ளரால் மூடுவார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் மாவால் வரைந்ததுபோல் ஒரு வட்டம் இருக்கும். காளானின் விதைத்தூள். அதன் நிறத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்ல முடியும். நல்ல மழைக்காலத்தில் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் கிடையாது; விருந்தாளிகள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து பேச்சைத் தொடர்வார்கள்.

புத்தகங்களை எடுத்துக்கொடுத்தது லைப்ரரியம்மாதான். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தும் பார்த்துவிடுவாள். ஒன்றிலாவது காளான் பேசும் என்று போட்டிருக்கவில்லை.

போன மழைக்கு, அந்தக் கிண்ணிகள் முளைத்த மரத்திலிருந்தே ஒரு துண்டை இழுத்துவந்து பின்வாசல் குழாயடியில் போட்டார். நிரூபிக்கிறாராம். கட்டை இருந்த எடைக்கு டிப்போவின் ரிப்பேர் வண்டி வந்ததாகவும் அவரே சொல்லிக்கொண்டார். கட்டையில் கிண்ணிகள் வந்தன. ரோஜா நிறத்தில், பொம்மைக் கல்யாணத்துக்கு வைத்த பாத்திரம்போல. மூச்சு பட்டால்தான் பேசும், ஊதிப் பார் என்றார். அவளும் குனிந்து, சூடான டீயை ஊதுவதுபோல் ஊதினாள். ஒன்றுமில்லை. நிமிர்ந்து உள்ளே போனாள். வேறு சில நாளும் ஊதினாள். போனாள்.

"மேடம்," என்பார் பின்னாலிருந்து, "ஊதின கையோட போயிட்டா எப்படி? அது யோசிச்சுத்தான் பேசும். பழுக்கவும் வேணும்."

நர்ஸ் போன பிறகு அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார். "மேடம். கட்டைக்குத் தண்ணி ஊத்தினியா?"

"மறந்துட்டேன்."

"ஊத்து. இப்ப பழுத்திருக்கும்."

அவள் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, இத்தனை காலம் கேட்காததைக் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. என்னைக் கிண்டல் பண்ணத்தானே இந்தக் கதையைக் கட்டினீங்க?"

கண்டக்டர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முட்டி, மெல்லத் திரும்பி வந்தது.

"பாதி," என்றார்.

எந்தப் பாதி என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று பின்வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் வாய் சற்றே திறந்திருந்தது, அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்லப்போகிறவர் மாதிரி. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

மறுநாள் வந்த கூட்டத்தைப் பார்த்து, ஸ்டாப் என்று நினைத்து ஒரு பஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. நின்றதோடு இல்லை, இரண்டு பேர் ஏறியும் போய்விட்டார்கள். அவரைத் தூக்க வேண்டிய நேரத்தில் மட்டும் யாருக்கும் கை எழவில்லை. அவரோடு காலமெல்லாம் வண்டி ஓட்டிய டிரைவர்தான் தலைமாட்டில் குனிந்து, தாழ்ந்த குரலில், "போலாம் ரைட்," என்றார். அதற்குப் பிறகே பாடை நகர்ந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் மகள் டீ போட்டாள். டம்ளர் பற்றவில்லை. ஜன்னலோரத்தில் ஒன்று கவிழ்ந்திருந்தது. போன வாரம் டிரைவர் கொண்டுவந்து கொடுத்த ஏதோ ஒரு வித்தவுட் அதற்குள். மகள் கையை நீட்டியபோது லைப்ரரியம்மா பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பியது.

கூடத்தில் பேச்சு மெல்லச் சூடு பிடித்தது. யாரோ ஆரம்பிக்க, டிரைவர் காளான் கதையை எடுத்துக்கொண்டார். சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவள் எழுந்து பின்வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். குழாயடியில் கட்டை நேற்றைய ஈரத்தோடு கிடந்தது. கிண்ணிகள் ஓரம் தடித்து, விரிந்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஊதவில்லை. ஊதுகிற நினைப்பே இல்லை. கட்டையின் பக்கம் குனிந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி முகத்தைக் கையில் வைத்தாள். நேற்றிலிருந்து நெஞ்சில் நின்றிருந்த மூச்சு நீளமாக ஒருமுறை வெளியே வந்தது. எழுந்து போக அவளுக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

"உஷ்ஷ்ஷ்…"

திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை. குழாய் மூடியிருந்தது. கட்டையைப் பார்த்தாள். கிண்ணியிலிருந்து புகைபோல் ஏதோ எழும்பி, அவள் முகத்தைத் தொட்டுக்கொண்டு கலைந்தது. பக்கத்துக் கிண்ணிக்கும் யோசனை முடிந்திருக்க வேண்டும், அதுவும் சொன்னது.

அவள் உள்ளே வந்தபோது டிரைவர் கதையின் கடைசி ஸ்டாப்பில் இருந்தார். அவளைக் கண்டதும் பிரேக் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அவன் விடுற கதை நமக்குத் தெரியாததா. காளானாவது, அதட்டறதாவது."

"அதட்டிச்சு," என்றாள் லைப்ரரியம்மா.

கூடம் அமைதியானது. அவள் யாரையும் 'உஷ்' என்று சொல்லியிருக்கவில்லை.

"ஆனா என்னை மாதிரி இல்ல. மெதுவா. அழுற குழந்தைகிட்டச் சொல்ற மாதிரி."

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். மகள் பக்கத்தில் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "கண்ணாடியெல்லாம் ஒரே தூசும்மா. குடுங்க, துடைச்சுத் தரேன்."

"இருக்கட்டும்," என்றாள் அவள். ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து, கண்ணாடியை அந்தத் தூசோடு அப்படியே போட்டுக்கொண்டு குடித்தாள்.