படம், படம், பட்டன்

அந்த அழைப்பை ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. பாண்டுங் நகரத்தில் இருக்கும் எங்கள் துணிக்கடையில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள். என் மானம் போவதை ஏழு பேரும் கேட்டார்கள்.

"என் பேரு கோமார். தாசிக்மலாயாவுல மசாஜ் வேலை பாக்குறேன். கண்ணு தெரியாது. போன் படிச்சுக் காட்டும், கேட்டுக் கேட்டே எல்லாம் பண்ணிடுவேன். உங்க வெப்சைட்ல மட்டும் அது என்ன சொல்லுது தெரியுமா? படம், படம், பட்டன், படம். என்ன பட்டன்னு கேட்டா மறுபடியும் பட்டன்ங்குது!"

முதலாளியம்மா இபு நிங்ரும் போனைப் பிடுங்கினார். எங்கள் ஊரில் அம்மாவுக்கு இபு, ஐயாவுக்குப் பாக். "வாயால சொல்லுங்க பாக், நானே எழுதிக்கறேன்."

"வேணாம் இபு. பெருநாளுக்கு என் பெண்டாட்டிக்கு ஒரு காமிஸ் அங்கி வாங்கணும். இருபத்திரண்டு வருஷமா எதை வாங்கினாலும் அவதான் எனக்குப் படிச்சுச் சொல்றா. இந்த ஒண்ணை நானே தேடி, நானே எடுக்கணும். அவளுக்குத் தெரியக் கூடாது."

பெருநாளுக்கு முன் கூரியர் கடைசியாக வருவது வியாழன் மாலை ஐந்து மணிக்கு. அன்று திங்கள்.

"வியாழன் நாலு மணிக்கு மறுபடி வெப்சைட்டுக்கு வந்து பாருங்க பாக்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அந்த வெப்சைட்டைக் கட்டியது நான்தான். பழியை வேறு யார் தலையிலும் போட வழியில்லை. இபுவுக்குப் பூப்போட்ட போஸ்டர்தான் பிடிக்கும். அங்கியின் துணி, அளவு, விலை எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதிக் கொடுப்பார், நானும் அப்படியே ஏற்றிவிடுவேன். எழுத்தாக இருந்தது அங்கியின் பெயர் மட்டும். அந்தப் பெயர்களோ, மாதாமாதம் இபுவோடு உட்கார்ந்து சீட்டுக் குலுக்கும் தோழிகளின் பெயர்கள். இருபத்தாறு தோழிகள், இருபத்தாறு அங்கிகள்.

அன்று மதியம் தேடல் பெட்டியின் பதிவைத் திறந்தேன். வந்தவர்கள் என்னென்ன தேடினார்கள் என்று மூன்று மாதக் கணக்கு அதில் இருந்தது. 'பால் கொடுக்க வசதி'. ஒன்றும் இல்லை. 'பெரிய சைஸ்'. ஒன்றும் இல்லை. 'பாக்கெட் வைத்தது'. ஒன்றும் இல்லை. எல்லாமே எங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன! கடை நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் இல்லை இல்லை என்று நாங்களே துரத்தியிருக்கிறோம். கோமாருக்காகச் செய்வது இவர்கள் எல்லோருக்கும் ஆகும் என்று புரிந்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"இபு, போஸ்டர் போதாது. துணி எப்படி இருக்கும்னு எழுத்துல வேணும்."

"பேரை மட்டும் எடுத்துடாதே, நெங். ஓனி பேரை எடுத்தா அடுத்த குலுக்கல்ல என் தலையைத்தான் போட்டுக் குலுக்குவா."

எனக்கு முப்பத்தாறு வயது. இருந்தும் அவருக்கு நான் இன்னும் நெங், சின்னப் பெண்.

"பேரு இருக்கட்டும். கூடவே விவரம் எழுதுவோம்."

"நீயே எழுதேன்."

"நான் எழுதினா 'அழகானது, நேர்த்தியானது'ன்னு எழுதுவேன். அதை வச்சு அவர் என்ன பண்ணுவாரு?"

இபு போனை எடுத்துத் தோழிகள் அத்தனை பேரையும் அழைத்தார்.

செவ்வாய்க்கிழமை கடை இரண்டுபட்டது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அவரவர் பெயர் கொண்ட அங்கியைக் கையில் கொடுத்தோம்.

"யாரு இது, என் பேருல அரிக்கிற துணிய வச்சது?" என்று ஓனி கத்தினார்.

"நோன்பு நேரத்துல கத்தாதே ஓனி. கண்ணைத் திறக்காம சொல்லு, எங்கே அரிக்குது?" என்றார் இபு.

"கழுத்துல! எழுதிக்கோ நெங், கழுத்துல அரிக்கும். வாங்குறவ உள்ள ஒண்ணு போட்டுக்கட்டும்."

இபுவின் முகம் சுண்டிப்போனது. நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அவர்கள் சொல்லச் சொல்ல நான் வெப்சைட்டை அடியிலிருந்து மாற்றினேன். பட்டன் போல வரைந்த படங்களைத் தூக்கிவிட்டு நிஜப் பட்டன்களை வைத்தேன். ஒவ்வொரு பட்டனுக்கும் பெட்டிக்கும் அதன் பெயர், ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. பெயரோடு சேர்த்து விவரம் முழுவதையும் தேடும்படி தேடல் பெட்டியைத் திருத்தினேன். எல்லாம் வலை உலகத்தில் என்றைக்கோ எழுதிவைத்த விதிகள்தான், நான்தான் சோம்பல்பட்டு மதிக்கவில்லை. புதன்கிழமை திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் ஒரு அங்கி வாங்கிப் பார்த்தேன். பணம் கட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். அழுகை வந்தது. அதையும் சரிசெய்தேன்.

வியாழன் நாலு மணிக்குத் தோழிகள் பாதிப்பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நாலு ஐந்துக்குப் பதிவில் ஒரு வரி விழுந்தது: 'வேர்வையில் ஒட்டாத துணி'. ஆறு அங்கிகள் கிடைத்தன.

"ஆறு!" என்று கத்திவிட்டேன். ஓனி என் தோளில் அடித்தார்.

பிறகு கோமார் ஒன்றைத் திறந்தார், மூடினார். இன்னொன்று. மறுபடி முதலாவது. மணி நாலரை. நாலு நாற்பது. கூரியர்க்காரர் வந்து வண்டியை நிறுத்திவிட்டார்.

"மாட்டிக்கிட்டாருடி," என்று இபு போனை எடுத்தார். "நான் கேட்டுடறேன்."

"கூப்பிட்டீங்கன்னா நான் வேலைய விட்டுடுவேன்! சந்தையில நீங்க எத்தனை துணிய எடுத்து எடுத்து வைப்பீங்க? அவரும் எடுத்து வைக்கட்டுமே."

இபு என்னை முறைத்தார், ஆனால் போனைக் கீழே வைத்துவிட்டார்.

நாலு ஐம்பத்தொன்றுக்கு ஆர்டர் வந்தது. எனோக். கடையில் அதிகம் விலை போகாத சாம்பல் நிற அங்கி. அந்தப் பெயருக்குரிய தோழி, பேசவே பேசாத எனோக், செவ்வாயன்று 'முதல் நாளே பல தடவை துவைத்த துணி போல மெத்தென்று இருக்கும்' என்று சொல்லியிருந்தார். இப்போது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இபு அவசரமாக அங்கியை மடித்தார். ஆர்டரின் கீழே இருந்த குறிப்பை நான் உரக்கப் படித்தேன்:

'கூரியர்க்காரர் வாசலில் நின்று பார்சல் என்று கத்த வேண்டாம். என் போனுக்கு மட்டும் கூப்பிடட்டும். நான் போய் வாங்கிக்கொள்கிறேன். மனைவி வீட்டில் இருப்பாள்.'

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் மனைவியிடம் மறைக்க முடிந்த முதல் பொருள் அது. உறையை ஒட்டி, கத்தக் கூடாது என்று அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்.