இறங்கிப்போகும் முள்

கறுப்புக் காரின் ஸ்பீடோமீட்டர் மறுபடியும் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. முள் நாற்பதைக் காட்டுகிறதே என்று நம்பி ஓட்டிய கார்க்காரர் ஐம்பதில் போய் போலீஸிடம் மாட்டியிருக்கிறார். பட்டறை முதலாளியான அத்தானுக்கு முகம் சுண்டிப்போனது. இன்னொரு மீட்டர் இப்படித் திரும்பினால் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு இங்கே வேலை கிடையாது என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மச்சினியைத்தான் பார்த்தார்.

அவளுக்கு அது அக்கா புருஷன் பட்டறை என்றாலும் வேலை வேலைதான். இது போனால் இந்த ஊரில் தங்குவதற்காக வேலையைக் காட்டி வாங்கிய விசாவும் போய்விடும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் ஒன்றும் ஏனோதானோ என்று செய்யவில்லை. பழைய மீட்டருக்குள் சுழலும் காந்தம் வயதாகி வலுவிழந்தால் முள் சோம்பிப்போகும். அதைக் கழற்றி, காந்தமேற்றும் மெஷினின் கம்பிச் சுருளுக்குள் வைத்து வலு ஏற்றித் திரும்பப் பூட்டுவாள். சோதனை மோட்டாரில் மாட்டி அறுபது வேகத்தில் சுழற்றினால் முள் கம்பீரமாக அறுபதில் நிற்கும். அத்தானே கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகு மீட்டரைத் தொடுவது ஒரே ஆள்தான்: மீட்டருக்குப் பின்னால் எரியும் விளக்கின் கம்பிகளைப் பற்றவைக்கும் மௌனி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

அன்று முழுக்க அவரையே நோட்டம் விட்டாள். ஒவ்வொரு மீட்டரையும் சன்னல் பக்கம் கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்தார். அவள் எட்டிப் பார்த்தால் சட்டைப் பையில் எதையோ போட்டுக்கொண்டார். போன மாதம் தன் அண்ணன் மகனுக்கு இங்கே இடம் கேட்டவர் ஆயிற்றே. தன்னைத் துரத்தத்தான் அவர் மீட்டரைக் கெடுக்கிறார் என்று அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது.

அத்தானிடம் போய்ச் சொன்னாள். ஆதாரம் இல்லாமல் ஒருவர் பிழைப்பில் கைவைக்க முடியாது என்றார் அவர். அப்படியானால் மோட்டாரில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லார் எதிரிலும் பற்றவைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

"ஓடுற பஸ்ல தலை சீவச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார் மௌனி. அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். ஆனாலும் செய்தார்.

முள் அறுபதில் நின்றது. அவள் அவருடைய விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் காந்தத்தின் பக்கமே போகவில்லை. மீட்டரை ஒட்டிப் பிடித்து துப்பாக்கி வடிவப் பற்றவைப்புக் கருவியான சால்டரிங் கன்னின் விசையை அழுத்தினார். முள் உதறியது. விசையை விட்டதும் அடங்கி, ஐம்பதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் கன்னை வாங்கிப் பார்த்தாள். உள்ளே இருப்பதும் மின்சாரம் திசை மாறி மாறிப் பாயும் சுருள்தான். தன் மெஷின் ஏற்றும் வலுவை இது பக்கத்திலேயே உட்கார்ந்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய சால்டரிங் கட்டை சூடாக நேரமாகிறது என்று போன மாதம் இதை வாங்கி வந்தவர் யார் என்பது மூவருக்கும் தெரியும்.

"அத்தான், இது..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. அவள் சாப்பிடுவது அவர் வீட்டுச் சாப்பாடு.

"முழுங்காமச் சொல்லும்மா. அப்ப நான்தான் திருடன், அதானே?" என்ற அத்தான், கன்னைப் பிடுங்கி அலமாரி உச்சியில் போட்டார்.

அவள் மௌனியிடம் திரும்பி, சன்னல் பக்கம் போய் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"காந்தத்துக்கிட்ட இதை வச்சு, நீ வலு ஏத்தாமலே ஏத்திட்டேன்னு தள்ளி விடறியோன்னு பார்த்தேன். பேர் எனக்குல்ல கெட்டுச்சு."

அவளுக்குக் காது சுட்டது. மறுநாளிலிருந்து விளக்குக் கம்பிகளைப் பழைய கட்டையால் முதலில் பற்றவைப்பது, காந்தத்துக்குக் கடைசியில் வலு ஏற்றுவது என்று அத்தான் முறையை மாற்றினார். இப்போது மீட்டரைக் கடைசியாகத் தொடுவது அவள்தான். முள் இறங்கினால் கைகாட்ட இனி ஆள் இல்லை. அட்டைப் பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மறுபடி மோட்டாரில் மாட்டிப் பார்க்கிறாள், தன் கையையே நம்பாமல்.