பாயின் மறுமுனை

ஜெயித்து வந்தவர்களுக்கு அன்றைக்குத் தோட்டத்துக் கூலி லயத்தில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. ஏழு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரவர் அறைக்குள் போனார்கள். எட்டாவது ஆள் இருளப்பன். கடைசி வட்டை அடித்தவன் அவன்தான். அவன் வாசலிலேயே நின்றான். அவன் பெண்டாட்டி ராக்கம்மா அடுப்பை விட்டு எழுந்து வரவில்லை.

அந்த ஆட்டத்தைப் பன்விலப் பக்கம் கொண்டு வந்தவர் செவத்த துரை. கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டம் போட வருமுன் கனடாவில் மரம் வெட்டியவர். அங்கே குளிர்காலத்தில் குளம் கல்லாகிவிடும், அதன்மேல் நின்று வளைந்த தடியால் ஒரு வட்டை அடித்து ஆடுவோம் என்றார். கணக்கப்பிள்ளை ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

"குளம் கல்லாகுமாம். ஆக்கள் அதில ஏறி ஓடுவினமாம். துரை சொல்லுறார், நான் சொல்லுறன். நம்புறது உங்கட பாடு."

"அப்ப மாடு எங்கிட்டுங்கய்யா தண்ணி குடிக்கும்?" என்றான் கூட்டத்தில் நின்ற கறுப்பையா.

என்ன கேட்கிறான் என்று துரை கேட்டார். கணக்கப்பிள்ளை இருமினார்.

கல்லாகும் குளம் இங்கே இல்லை. கோப்பி காயப்போடும் களம் இருந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசி மழமழவென்று தேய்த்த பெரிய தரை. துரை அதில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து, காலில் சாக்குத் துணி கட்டச் சொன்னார். கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்தால் தடி. கோப்பிக் கட்டையைக் குறுக்கே அறுத்தால் வட்டு. களத்தின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கம்பம்; எதிராளியின் கம்பங்களுக்கு நடுவே வட்டை அடிக்க வேண்டும். முதல் நாள் எட்டுப் பேரும் விழுந்தார்கள். இராமையாவுக்கு ஒரு பல் போயிற்று. துரை கை தட்டினார்.

விழுந்து விழுந்து பழகினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் சாக்குக் காலோடு களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே வழுக்கில் போக வந்துவிட்டது. ஆடுகிறவர்களுக்கு மலையில் பாதி நாள் வேலைதான். வாரா வாரம் ஒரு கொத்து அரிசி கூடக் கிடைத்தது. செவத்த துரையைப் பார்த்து தெல்தெனியத் துரை ஒரு கூட்டம் சேர்த்தார். ஹேவாஹெட்டத் துரை ஒன்று சேர்த்தார். கண்டியில் குதிரை ஓட்டிய பெரிய துரைமார் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இது சின்னத் தோட்டங்களின் ஆட்டம். அரிசிக்கு ஆடினார்கள். அரிசி பழகிப்போன பிறகு பேருக்கும் ஆடினார்கள்.

இருளப்பனுக்குப் பேர்தான் பெரிதாக இருந்தது. மலையில் அவன் குனிந்த முதுகுகளில் ஒரு முதுகு. களத்தில் துரை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "இர்லாப்பன்!" என்பார். வாய் கோணும். அவனுக்கு அது இனித்தது.

ஹேவாஹெட்டக் கூட்டத்தில் வட்டு உள்ளே போகாமல் கம்பங்களுக்கு நடுவே நின்று காத்தவன் மூக்கையா. ராக்கம்மாவின் அண்ணன். அந்தத் தோட்டத்துக் கோப்பி ஸ்டோரில் அவனுக்கு வேலை. மலை ஏற வேண்டாம், அட்டைக்கடி கிடையாது. களத்தில் காயும் கோப்பிக்கு அவன்தான் பொறுப்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மச்சினன்மார் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணுவார்கள்.

"மாப்புள, ஒன் தடிய அடுப்புக்கு வச்சுக்க. ராக்குக்கு வெறகு மிச்சம்."

"நீங்க ஓரமா நில்லுங்க மச்சான். வட்டு பட்டு மூக்கு போச்சுன்னா பேர மாத்தணும்."

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் ஹேவாஹெட்டவில். அறுவடை முடியும் தறுவாய். களத்தில் பாதியை ஆட்டத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். மறு பாதியில் தும்புப் பாய்களில் கடைசிக் கோப்பி காய்ந்துகொண்டிருந்தது. துரைமார் ஸ்டோர் தாவாரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் சமமாக இருந்தது. இன்னும் ஒரு வட்டு உள்ளே போனால் முடிந்தது.

களத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாத் தோட்டத்திலும் உண்டு. மழை வந்தால் கொம்பு ஊதுவார்கள். கொம்பு கேட்டவன் யாராக இருந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சொந்தத் தோட்டமா அடுத்த தோட்டமா என்று பார்ப்பதில்லை. ஒரு பாய்க்கு இரண்டு ஆள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, கோப்பியோடு சுருட்டி, ஸ்டோருக்குள் இழுத்துவிட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. கோப்பி நனைந்தால் அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் அரைப் பேர்தான், பாதிக் கூலிதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெயிலில் நின்றதில் பாதி இல்லாமல் போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கொம்பு கேட்டால் கால் தானாக ஓடும்.

மலையிலிருந்து மழை இறங்கியது. கொம்பு ஊதியது.

பதினாறு பேரும் தடியைப் போட்டார்கள். சாக்குக் காலோடு சறுக்கி விழுந்து எழுந்து பாய்களைப் பார்த்து ஓடினார்கள். மூக்கையா முதலில் ஓடினான். இருளப்பனும் ஓடினான். இரண்டு எட்டு வைத்திருப்பான். வட்டு காலில் தட்டியது.

கம்பங்களுக்கு நடுவே யாரும் இல்லை.

"மாப்புள! அந்த முனையப் பிடி!"

மூக்கையா கடைசிப் பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டோரின் தகரக் கூரையில் மழை இரைந்தது. மறுபடி கூப்பிட்டான். இருளப்பன் குனிந்து தடியை எடுத்தான். திரும்பினான். அடித்தான்.

வட்டு நேராகப் போய் விழுந்தது. தாவாரத்தில் செவத்த துரை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து தொப்பியை வீசினார். "இர்லாப்பன்! இர்லாப்பன்!" அவன் திரும்பிப் பார்த்தபோது மூக்கையா ஒற்றை ஆளாகப் பாயை இழுத்துக்கொண்டிருந்தான். கோப்பி கொட்டிக்கொண்டே வந்தது. மழை அதன்மேல் பெய்தது.

துரைமார் குடிப்பதற்காக ரயிலில் கொழும்பிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து மரத்தூள் பெட்டியில் வண்டியிலும் ஐஸ் வந்திருந்தது. செவத்த துரை ஒரு கட்டியை உடைத்து இருளப்பன் கையில் வைத்தார்.

"இதுதானாம் அந்தக் கல்லு," என்றார் கணக்கப்பிள்ளை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "துரை சந்தோசமாத் தாறார். பிடி."

கை எரிந்தது. துரை பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் கீழே போடவில்லை. தன் கூட்டத்தில் யாராவது தொட்டுப் பார்க்க வருவார்கள் என்று நினைத்தான். கறுப்பையாகூட வரவில்லை. அவர்கள் சிந்திய கோப்பியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் விரல் வழியே தண்ணீர் ஒழுகியது.

மூக்கையாவை ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்குப் புல்வெட்ட அனுப்பிவிட்டார்கள் என்று அடுத்த வாரம் சேதி வந்தது. லயத்தில் எல்லாருக்கும் அது முன்னமே தெரிந்திருந்தது. இருளப்பனிடம்தான் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம் நடந்தது. அவனிடம் யாரும் வட்டைத் தள்ளவில்லை. துரை கத்தினார். "ஆகட்டும் தொரைகளே" என்றார்கள். மறுபடியும் தள்ளவில்லை. இரண்டிலும் தோற்றார்கள். துரைக்குச் சலித்துப் போயிற்று. சாக்குத் துணி ஸ்டோருக்குத் திரும்பியது. கொய்யாத் தடிகள் அடுப்புக்குப் போயின. ஒரு கொத்து அரிசியும் நின்றது. பன்விலக் கூட்டத்தின் கதை அவ்வளவுதான்.

சித்திரை பிறந்ததும் ராக்கம்மா பேசினாள். அன்றிலிருந்து அவள் தானாக வாய் திறந்தது அப்போதுதான்.

"புள்ளைக்குக் காது குத்தணும்."

"குத்திருவோம்."

"யார் மடியில வச்சு?"

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ராக்கம்மாவுக்குக் கடலின் இந்தக் கரையில் இருந்த ஒரே உறவு மூக்கையா. அவன் வராவிட்டால் பிள்ளை மாமன் இல்லாத பிள்ளை. நாளைக்குக் கல்யாணத்தில், சடங்கில் எல்லாவற்றிலும் அந்த இடம் வெறுமையாக நிற்கும். ஏன் என்று கேட்பார்கள். அப்பன் செய்த காரியத்தைச் சொல்லுவார்கள்.

இருளப்பன் வெற்றிலை பாக்கு வாங்கி, தட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான். கண்டியில் குளக்கரையோரம் போகும்போது நின்று பார்த்தான். தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹேவாஹெட்டப் பாதையில் ஏறினான்.

அந்தத் தோட்டத்து லய வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அடடே, வட்டடிச்ச மவராசன்! வாங்க வாங்க. ஒக்கார பாய் போடட்டுங்களா? ஒரு முனைய நீங்கதான் பிடிக்கணும்."

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மலையேறினான்.

மூக்கையா புல்வெட்டிக்கொண்டிருந்தான். காலில் அட்டை கடித்து இரத்தம் காய்ந்திருந்தது. வெற்றிலைத் தட்டைப் பார்த்தான். வாங்கவில்லை.

"புள்ளைக்குக் காது குத்து மச்சான். நீங்க வரணும்."

மூக்கையா கத்தியைக் கீழே வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மாப்புள. அன்னைக்கு நான் கூப்புட்டது ஒனக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

நான்கு மாதமாக அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்டது என்று சொல்லத்தான் அவன் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தான். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்திருந்தான்.

"கேக்கல மச்சான். மழை. தகரத்துல விழுந்த சத்தம்."

மூக்கையா அவன் முகத்தைப் பார்த்தான். தலையாட்டினான்.

"அதான் நானும் சொன்னேன். இந்தப் பயலுக எல்லாம், இல்ல, கேட்டுருக்கும்னானுக. என் மாப்புள அப்படிச் செய்ய மாட்டான்டா, மழையில கேட்டுருக்காதுன்னு சொன்னேன். இவனுககூடச் சண்டையே போட்டேன்." சிரித்தான். தட்டை வாங்கினான். "வர்றேன். மாமன் சீரோட வர்றேன்."

திரும்பி வரும் வழியில் இருளப்பனுக்கு நடை ஓடவில்லை.

காதுகுத்தன்று மூக்கையா விடிந்ததும் வந்துவிட்டான். பிள்ளைக்குப் பாவாடையும் சர்க்கரையும் கொண்டு வந்திருந்தான். அதற்கு என்ன விற்றான் என்று ராக்கம்மா கேட்டாள். அவன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினான். லய வாசலில் பெரிய பாயை விரித்தார்கள். மூக்கையா நடுவில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். தப்புக்காரன் வாசித்தான். கறுப்பையாவும் இராமையாவும் வந்தார்கள். மூக்கையாவே வந்துவிட்ட பிறகு அவர்களுக்கு என்ன வந்தது. கறுப்பையா இருளப்பன் தோளில் கை போட்டான்.

ஒரு காது குத்தியாயிற்று. மழை பிடித்தது.

"முடிச்சுருங்க, முடிச்சுருங்க," என்றார்கள். எல்லாரும் தாவாரத்துக்கு ஒதுங்கினார்கள். மூக்கையா எழுந்திருக்கவில்லை. துண்டால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டான். இரண்டாவது காதும் குத்தியாயிற்று. பிள்ளை வீறிட்டது. தப்பு நிற்காமல் முழங்கியது. பக்கத்து மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்தது. இருளப்பன் தாவாரத்தின் கடைசியில், தப்புக்காரனை ஒட்டி நின்றான்.

"மாப்புள," என்றான் மூக்கையா. "கொஞ்சம் தண்ணி."

உரக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் தலையைப் பார்த்துக் குனிந்தபடி சொன்னான்.

"இந்தா வந்துட்டேன் மச்சான்," என்றான் இருளப்பன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. செம்பில் தண்ணீர் மோந்து கொண்டுபோய் நின்றான். மூக்கையா நிமிர்ந்து பார்த்தான். மழைத் தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது. செம்பை வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டினான். மிச்சத்தை அவன் குடிக்கவில்லை.

"மழையில ஒனக்கு நல்லாத்தான் கேக்குது," என்றான்.

இருளப்பன் செம்பை வாங்கக் கை நீட்டினான்.

மூக்கையா பிள்ளையைத் தூக்கி ராக்கம்மாவிடம் கொடுக்கப் போனான். பாய் நனைந்துகொண்டிருந்தது. பிள்ளையைக் கறுப்பையா கையில் கொடுத்தான். குனிந்து பாயின் ஒரு முனையைப் பிடித்தான். இருளப்பன் ஓடிப்போய் மறுமுனைக்குக் குனிந்தான்.

"ராக்கு," என்று மூக்கையா கூப்பிட்டான். "நீ வந்து அந்த முனையப் பிடி."

ராக்கம்மா வந்தாள். புருஷன் கையை விலக்கிவிட்டு முனையைப் பிடித்தாள். அண்ணனும் தங்கையும் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இருளப்பன் மழையில் நின்றான்.