நூற்றைம்பது சொற்களில் என் தங்கை

எங்கள் பயிற்சி மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசியதைச் சுருக்கி எழுதினால், அவரிடமே அதைக் காட்டி, 'நான் சொன்னது இதுதான்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்கள் எங்களிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து, அதன் சாரத்தைச் சொந்த வார்த்தையில் எழுத அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கையெழுத்து வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான்.

என் தங்கையை இங்கே சேர்த்துவிட்டவளும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

ஒரே வருஷம். அவள் வகுப்பில் உட்கார இடம் போதாமல் என் வகுப்பு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள், அதுதான் இன்னும் கடுப்பு. "மிஸ், இது சும்மாதானே கிடக்கு?" சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் சிரிப்புச் சத்தம். ஆராய்ச்சிக் கட்டுரையில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு தலைமை ஆசிரியர் பதவி காலியானது. நானும் விண்ணப்பித்தேன், அவளும் விண்ணப்பித்தாள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சின்னவ பாவம், அவளுக்குக் கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். சின்னவளுக்கு முப்பத்தெட்டு வயது. இதில் என்ன பாவம்?

மையத்தின் முதல்வர் ஒரு யோசனை சொன்னார். என் வகுப்பு மாணவர்களுக்கே நாங்கள் ஆளுக்கொரு பாடம் நடத்த வேண்டும். ஒருத்தி நடத்தும்போது மற்றவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, நூற்றைம்பது சொற்களில் சுருக்கி எழுத வேண்டும். வழக்கப்படி கையெழுத்தும் வாங்க வேண்டும். "ஊருக்குச் சொல்லிக்கொடுக்கறத நீங்களே செஞ்சு காட்டுங்களேன்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை என் பாடம். முக்கியக் கருத்துக்கு மஞ்சள், ஆதாரத்துக்குப் பச்சை, விட்டுவிட வேண்டியதற்குச் சிவப்பு. கோடு போட்டு முடித்ததும் மஞ்சளை மட்டும் எடுத்து வார்த்தைகளை மாற்றி எழுத வேண்டும். பஸ் டிரைவர் ஒருவர் ஆறு மாதமாக என்னிடம் படிக்கிறார். அன்றைக்கும் பக்கம் முழுக்க மஞ்சளாக்கிவிட்டார். "எல்லாமே முக்கியமாத்தான் தெரியுது மிஸ்" என்றார். மற்றபடி பாடத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் அவள் பாடம். கட்டுரை, மனிதர்கள் வரிசைகளிலும் நிறுத்தங்களிலும் காத்திருப்பதைப் பற்றியது. இருபது நிமிஷம் படிக்கவிட்டாள். பிறகு எல்லாத் தாள்களையும் வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டிக்கொண்டாயா என்று நான் பேனாவைத் திறந்தேன்.

அப்போது குப்பைத்தொட்டியை எடுக்கத் துப்புரவுக்கார அம்மாள் உள்ளே வந்தாள். தங்கை அந்த அம்மாளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். "ரெண்டே நிமிஷம்மா. இவரு என்ன படிச்சாருன்னு உங்களுக்குச் சொல்லுவாரு." டிரைவர் பக்கம் திரும்பி, "நம்ம மொழியிலயே சொல்லுங்க" என்றாள். என் வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு அனுமதியே கிடையாது.

டிரைவர் எழுந்து நின்றார். யார் ஆராய்ச்சி செய்தார்கள், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று சுற்றிவளைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அதெல்லாம் சரிப்பா. கடைசியா என்னதான் கண்டுபிடிச்சாங்க?"

"நிக்கறது யாருக்கும் கஷ்டமில்லம்மா. எவ்வளவு நேரம் நிக்கணும்னு தெரியாம நிக்கறதுதான் கஷ்டம்."

"அப்ப பஸ்ஸு சீக்கிரமா வரவேணாம், எப்ப வரும்னு சொன்னா போதும்ங்கறாங்களா?"

"அதேதான்!" என்று மேசையைத் தட்டினார். "தினம் என்னைத் திட்டுறாங்களே, இதுக்குத்தான் திட்டுறாங்க!"

வகுப்பே சிரித்தது. "இப்ப சொன்னீங்களே, அதை இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றாள் தங்கை. உட்கார்ந்து எழுதினார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய் எட்டிப்பார்த்தேன். நான்கு வாக்கியம். இரண்டு பிழை. ஆனால் ஒரு வரிகூடக் கட்டுரையில் இருந்து அப்படியே எடுத்தது இல்லை. ஆறு மாதத்தில் எனக்கு அவர் அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. ஓர் ஆசிரியை சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே எழுதி முடித்தேன். 'வாசிப்புக்கு இருபது நிமிடம் தரப்பட்டது. பின்னர் கட்டுரை மாணவர்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. கலந்துரையாடலின் பெரும்பகுதி தாய்மொழியில் நடந்தது. ஒரு மாணவர் மட்டுமே நீண்ட நேரம் பேசினார்...' இப்படியே போகும். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அம்மாளின் கேள்வி இல்லை. டிரைவரின் நான்கு வாக்கியம் இல்லை.

புதன்கிழமை ஆசிரியர் அறையில் தாள்களை மாற்றிக்கொண்டோம். அவள் என்னுடையதை இரண்டு தடவை படித்தாள்.

"நூத்தம்பது வார்த்தைக்குள்ள எல்லாத்தையும் எப்படிக்கா அடக்க முடியும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நான் அவளுடையதைப் படித்தேன். வண்ணங்கள், அவை எதற்கு என்பது, எல்லாம் இருந்தன. பிறகு இப்படி எழுதியிருந்தாள்: 'ஒரு மாணவர் பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கினார். ஆசிரியர் அவரைக் கண்டிக்கவில்லை. ஏன் என்று கேட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை அருகிலேயே நின்றார். இந்த வகுப்பில் தவறாகக் கோடு போட யாரும் பயப்படவில்லை.' நான் அப்படி நின்றேனா? எனக்கே நினைவில்லை. அவளைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. என்னை முழுசாக எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இதையும் என்னைவிட நன்றாகச் செய்கிறாளே! கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

முதல்வர் இரண்டையும் எங்கள் முன்னாலேயே படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க தங்கச்சி பாடத்துல சொல்லிக்கற மாதிரி எதுவுமே நடக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அக்கா எழுதினது சரிதான் சார். நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் எனக்காகப் பொய் சொன்னாள். தன் பதவியையே தூக்கி என்னிடம் கொடுக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. பாடம் நடத்துவதில் ஜெயித்தாள், எழுதுவதில் ஜெயித்தாள், பெருந்தன்மையிலும் இவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

"நடந்துச்சு சார்" என்றேன்.

துப்புரவுக்கார அம்மாளில் தொடங்கி நான்கு வாக்கியம் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல்வர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லச் சொல்லப் பதவி கையைவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை.

"இவ்வளவு நடந்திருக்கு. ஏன் எழுதல?"

"பொறாமை சார்."

அவர் என் தங்கையின் விண்ணப்பத்தை எடுத்து என்னுடையதற்கு மேலே வைத்தார். நாங்கள் வெளியே வந்தோம். அவள் அழுதுகொண்டே வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்க்கா சொன்னே? உனக்கே கிடைச்சிருக்குமே!"

"ஏன், நீ மட்டும்தான் நல்லவளா இருக்கணுமா?" என்றேன்.