மணலுக்கு எந்த டயர்

டிரைவர் ஜீப் வாங்கியது ஏன் என்று தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், கடைத்தெருவுக்குக்கூட நடந்தே போய் வருகிறவர், திடீரென்று நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஒரு பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மலை ஏறப் போறீங்களா?"

"இல்ல. மணல்ல ஓட்டணும்."

அதற்கு மேல் அவர் வாயைக் கிளற முடியவில்லை. பஸ் ஓட்டும்போது பேசக்கூடாது என்ற சட்டத்தை மனுஷன் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் கடைப்பிடித்து வந்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள். கடலாமை முட்டையிடுகிற கரையில், கூடுகளை எண்ணிக் காவல் காக்கிற ஒரு நிலையத்தில் வேலை. தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து பதினாலு கிலோமீட்டர். ரோடு கிடையாது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் கரையே ரோடு. தாய் இறந்த அடுத்த மாதம் அந்த வேலைக்குப் போனவள், ஒன்றரை வருஷமாக ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரைவர் போன் போடுவார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உடம்பு, நல்லா இருக்கு. நீங்க, எனக்கென்ன. சரிப்பா வச்சிடவா, சரிம்மா. வைத்தபின் போனின் முகத்தைப் பார்ப்பார். ஐம்பத்தெட்டு வினாடி என்று இருக்கும். சில வாரம் நாற்பத்தொன்று. பிறகு அடுப்பில் முட்டையை வேகப்போட்டுவிட்டு, அது வேகிற வரை சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அடுப்புக்கு இரண்டு பர்னர். ஒன்றைப் பற்றவைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஏன் இப்படி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மனைவி இறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டபோது அவர் பாதி வழியில் இருந்தார். பஸ்ஸில் ஐம்பதுக்கு மேல் ஆட்கள். "ட்ரிப்பை முடிச்சிட்டு வந்துடறேம்மா," என்றார். முடித்தார். வண்டியை டெப்போவில் விட்டு, சாவியை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, அவர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகள் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, பிற்பாடும் சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் மனுஷன் அழுதாவது ஆறியிருப்பார்.

சரி, அவள் வரமாட்டாள், நாமே போவோம் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியதுதான் ஜீப். வாங்கிய வாரம் போனில், உடம்பு விசாரணை முடிந்து வழக்கமான "வச்சிடவா" வரப்போகிற நேரத்தில், அவர் சும்மா கேட்டு வைத்தார்.

"ஏம்மா, மணல்ல ஓட்டுறதுக்கு எந்த டயர் நல்லது?"



"எதுக்குப்பா கேக்குறீங்க?"

"ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கேன். கடைக்காரன் சேத்து டயர் போடச் சொல்றான். நல்லா ஆழமா, கட்டை கட்டையா பல்லு வச்சிருக்கு. பார்க்க முரட்டுத்தனமா இருக்கு."

"ஐயோ, அதைப் போட்டுடாதீங்க," என்றாள் மகள். "அது சேத்தைத் தோண்டித் தோண்டிப் பிடிச்சு ஏறுற டயர். மணலைத் தோண்டுனா அடியில என்ன இருக்கும், மறுபடி மணல்தான். வண்டி கீழதான் போகும். மணல்ல தோண்டக் கூடாதுப்பா, மிதக்கணும்."

பிறகு அவள் பேசினாள். பல் ஆழம் கம்மியாக இருக்க வேண்டும், பக்கச் சுவர் ரொம்ப விறைப்பாக இருக்கக் கூடாது, அழுத்தினால் பிதுங்கித் தரையில் பரவ வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். போனை வைத்தபோது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. டிரைவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை வெந்து வெடித்ததுகூடத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அகலத்தைப் பற்றிப் பேசினார்கள். ரொம்ப அகலமாகப் போட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உள்ளே உரசும் என்று அவர் சொன்னார். அதற்கு அவள், "அது எனக்குத் தோணலையே," என்றாள். மகளுக்குத் தோன்றாத ஒன்று தனக்குத் தோன்றியதில் அவருக்கு அந்த வாரம் முழுக்கத் தலைகால் புரியவில்லை. அதற்கு அடுத்த வாரம் டயர் செய்த தேதி. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம், பழசைப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவார்கள் என்று எச்சரித்தாள். இதெல்லாம் டிரைவருக்குத் தெரியாதா? அவள் பிறப்பதற்கு முன்பே தெரியும். "அப்படியா, பார்க்கிறேம்மா," என்றார்.

ஐந்தாவது வாரம் டயரை வாங்கி மாட்டியும் விட்டார். மகள் சொன்ன மாதிரியே நடுத்தரப் பல், இளகின சுவர், சரியான அகலம். மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் மனசுக்குள் திக்கென்றது. வாங்கியாயிற்று என்று சொன்னால் பேச்சு முடிந்துபோகும். மறுபடி ஐம்பத்தெட்டு வினாடிதான்.

அதனால் அவர் சொல்லவில்லை. "இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று இழுத்தடித்தார். இழுப்பதற்கும் சரக்கு வேண்டுமே. சனிக்கிழமைதோறும் டயர்க்கடைக்குப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புது ரகம் ஏதாவது வந்திருக்கிறதா, அதற்கு எத்தனை அடுக்கு, இதற்கு எவ்வளவு பாரம் என்று துருவித் துருவிக் கேட்டார். கடைக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு.

"போன மாசமே மாட்டிட்டீங்களே, இன்னும் என்ன பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

"ஒரு விவரத்துக்குத்தான்."

"எத்தனை பேர் ஏறுவீங்க வண்டியில? அதைச் சொன்னா நான் ஒரே வார்த்தையில சொல்லிடுவேன்."

"ஒரே ஆள்தான்."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு புது டயரை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார்.

பதினோராவது வாரம் காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. டயர் என்ன டயர், காற்றை இறக்காவிட்டால் எந்த டயரும் மணலில் ஓடாது, காற்றழுத்தத்தை முப்பத்தைந்திலிருந்து பதினெட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள் மகள்.

"பதினெட்டா? அது பஞ்சர் ஆன வண்டிம்மா. அந்த மாதிரி ஒரு டயரோட டெப்போவை விட்டு வெளிய வந்திருந்தா மேனேஜர் என்னைக் கட்டி வச்சு உதைச்சிருப்பாரு."

மகள் சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை. ஆனாலும் சிரிப்பு. தாய் போனதற்குப் பிறகு அவர் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரிக்கிற பிள்ளை வாசலில் வந்து நிற்கிற அப்பனைத் திருப்பி அனுப்பாது என்று அவர் முடிவு கட்டினார். கடல் வற்றும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் இறங்கி நாலு டயரையும் பார்த்தார். எல்லாம் கும்மென்று இருந்தன. முப்பத்தோரு வருஷம் விடிந்தும் விடியாமலும் டயர் டயராகத் தட்டிப் பார்த்து, சத்தம் கொஞ்சம் தொப்பென்று கேட்டாலே வண்டியை எடுக்க மறுத்தவர் அவர். நல்ல டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட மனசு கேட்கவில்லை. முப்பத்தைந்திலேயே வண்டியை மணலுக்குள் இறக்கினார். நூறு கஜம் போகவில்லை. வண்டி முக்கியது, பின்சக்கரம் இரண்டும் மணலை வாரி இறைத்தன, பிறகு அச்சு வரை புதைந்து நின்றுவிட்டது.

இறங்கி, மண்டியிட்டு, கையால் மணலைத் தோண்டி ஒதுக்கினார். ஒவ்வொரு டயராக உட்கார்ந்து காற்றை இறக்கினார். புஸ்ஸென்று அது போயிற்று. டயர்கள் அடியில் பிதுங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. வண்டியை மெல்ல எடுத்தார். அது ஒரு குலுக்கல்கூட இல்லாமல் எழுந்து மேலே வந்தது. அவள் சொன்னது சரிதான், மிதந்தது. மேல்மணலில் முட்டை இருக்கும் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்ததால் ஈரக்கரையை ஒட்டியே ஓட்டினார். வலது பக்கம் கடல், இடது பக்கம் ஆளில்லாத மணல்மேடு, எதிரே ஒரு வண்டி கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு நிறுத்தம்கூட இல்லாமல் அவர் ஓட்டிய முதல் பயணம் அதுதான். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. போனதும் முதலில் என்ன சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

நிலையம் என்பது தகரம் வேய்ந்த இரண்டு அறைகள். முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, கம்பியில் உலர்த்திய சட்டைகள். ஜீப் சத்தம் கேட்டுக் காவல்காரர் ஒருவர் வெளியே வந்தார். டிரைவர் மகளுடைய வேலையைச் சொல்லி, அவளைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்.

"அவங்களா? அவங்க மாத்தலாகிப் போய் நாலு மாசம் ஆச்சே. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க," என்றார் டிரைவர்.

"தலைமை ஆபீசுக்குப் போயிட்டாங்க. அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டுப் போனதுதான்," என்று காவல்காரர் ஊரைச் சொன்னார், தெருவையும் சொன்னார். அது டிரைவருடைய ஊர். அந்தத் தெரு முனையில் இருபது வருஷத்துக்கு மேல் அவரே பஸ்ஸை நிறுத்தி ஆள் இறக்கியிருக்கிறார். வீட்டிலிருந்து ஏறினால் ஏழாவது நிறுத்தம்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். ஜீப் வாங்கி மூன்று மாதம். அப்படியானால் முதல் நாள் "எதுக்குப்பா கேக்குறீங்க" என்று அவள் கேட்டபோதே இங்கே இல்லை. அகலம் பேசியபோது இல்லை, தேதி பேசியபோது இல்லை, சிரித்தபோதும் இல்லை. ஏழு நிறுத்தம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, இந்த மணலைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. காவல்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடல் தண்ணி ஏற ஆரம்பிக்க இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கிறது, அதற்குள் திரும்பிவிடுங்கள் என்றார். அந்த மேட்டில் நின்றால் போன் எடுக்கும் என்றும் சொன்னார்.

டிரைவர் மேட்டில் ஏறினார். இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

கேள்வி அவர் நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். ஊரிலேயே இருந்துகொண்டு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை அவள் வாயால் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் எதைப் பேசுவார்கள்?

"உடம்புக்கென்ன. டயர்க்கடையிலதான் நிக்கிறேன்," என்றார்.

"இன்னும் எடுக்கலையா?"

"நீ சொல்லாம எப்படிம்மா எடுக்கிறது. இங்க ஒரு புது ரகம் வந்திருக்கு. அங்க மணல் எப்படி இருக்கு இன்னைக்கு?"

"இன்னைக்கா," என்றாள் மகள். "காத்து ரொம்ப அதிகம்ப்பா. மணல் அப்படியே பறக்குது. கதவையே திறக்க முடியல."

டிரைவர் சுற்றிலும் பார்த்தார். கம்பியில் கிடந்த சட்டைகள் அசையாமல் தொங்கின. அவர் வந்த தடம் ஈரக்கரையில் கலையாமல் கிடந்தது.

"அப்படியா. பத்திரமா இரு," என்றார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"இங்க வர்றதா இருந்தா, என்கிட்ட சொல்லிட்டுத்தானே வருவீங்க?"

"உன்கிட்ட சொல்லாம வருவேனா," என்றார் அவர்.

மகள் மூச்சை விட்டது அவருக்கு நன்றாகவே கேட்டது. பிறகு அவள், அந்தப் புது ரகத்தின் பக்கச் சுவரைக் கையால் அழுத்திப் பார்த்தாரா என்று கேட்டாள். இல்லை என்றார். முதலில் அதைச் செய்யச் சொல்லிவிட்டு, மணலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.