கோணவாலின் இடது காது

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு காதின் கதை சொல்கிறேன். அதுவும் எலிக் காது.

ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. மாமியார் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. இருவரும் வாய்ச்சண்டை போடாத நாள் கிடையாது. கிழவி கண்ணை மூடியபோது இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "நீ மனுஷியா, கல்லா?" என்று கேட்ட கணவன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அவளுக்கும் அதே சந்தேகம்தான். உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

ஆய்வு இதுதான். மலேரியா வந்து பிழைத்த எலிகள் பாதி, வராத எலிகள் பாதி. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கிருமியை ஊசியில் ஏற்றுவார்கள். ஒருமுறை அந்தக் கிருமியின் முகத்தைப் பார்த்த எதிர்ப்பு அணுக்கள் மண்ணீரலில் காத்திருக்குமாம். மறுபடி தலைகாட்டினால் உடனே பாய்ந்துவிடுமாம். புது எலியிலோ, வந்திருப்பது யாரென்று அணுக்களுக்குப் புரிவதற்குள் கிருமி ரத்தமெல்லாம் பெருகிவிடும். இரண்டு வகையும் கலந்தே ஒரு கூண்டுக்கு ஆறாக இருந்தன. அடையாளத்துக்குப் புது எலிக்கு இடது காதில் வெட்டு, நோய் கண்டு பிழைத்த பழைய எலிக்கு வலது காதில். வெட்டுவது அவள்தான்.

அன்று, ஆய்வை நடத்தும் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அக்கா, மூணாம் கூண்டைப் பாருங்க. இடது காது எலியெல்லாம் அஞ்சே நாள்ல கிருமிய விரட்டிடுச்சு. பாடமே படிக்காம பாஸு!"

"பிட்டு அடிச்சிருக்கும்."

"வலது காது எலியெல்லாம் சுருண்டு கிடக்கு. வேற யாராவது வெட்டியிருந்தா காது மாறிப்போச்சுன்னு நெனச்சிருப்பேன். நீங்களாச்சே! நாளைக்கு நம்ம ஆய்வுக்கூடப் பெரியவர்கிட்ட சொல்லப்போறேன்."

அவள் கூண்டைத் திறந்து ஓர் எலியைத் தூக்கினாள். வால் கோணலான எலி. இரண்டு மாதத்துக்கு முன் முதல் காய்ச்சலில் அது மயிர் சிலிர்த்துக் கிடந்தபோது மருந்து புகட்டியவளே இவள்தான். பழைய எலி. வெட்டு வலது காதில் இருக்க வேண்டும். இடது காதில் இருந்தது.

எப்போதும் எலியின் முகம் அந்தப் பக்கம் பார்க்கத்தான் பிடிப்பாள். அப்போது அதன் இடது அவளுக்கும் இடது. இந்தக் கூண்டை மட்டும் முகம் தன்னைப் பார்க்கப் பிடித்திருக்கிறாள். கூண்டு அட்டையில் வெட்டிய தேதியைப் பார்த்தாள். கிழவி போன மறுநாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

"டாக்டரம்மா, அது பாஸ் பண்ணல. ஹால் டிக்கெட் மாறிப்போச்சு. மாத்துனது நான்."

டாக்டரம்மா எலியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். முடிவை எழுதிவைத்த பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"லீவு போட்டிருக்கலாமேக்கா."

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேனே."

சாயங்காலம் வீட்டில் கணவன் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். பேசாதவனின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு கூண்டு முழுக்கக் காத மாத்தி வெட்டிட்டேன். உங்கம்மா போன மறுநாள்."

குழாய் நின்றது. தன் கை தப்பாது என்று அவள் அடித்துக்கொண்ட பெருமையைப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டவன் அவன்.

"ஆறுமேவா?"

"ஆறுமே."

"எங்கம்மா கேட்டிருந்தா தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பா."

"அடிச்சிருப்பாங்க."

அப்போதும் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. அவன் இன்னொரு தட்டையும் கழுவி, தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் காய்ச்சல் வாசலோடு திரும்பட்டும், பேச்சு மட்டும் வீட்டுக்குள் ஓயாமல் இருக்கட்டும், என் செல்லங்களா.