காப்புக் கட்டுறதுக்குள்ளே

லைஃப் ஜாக்கெட்டின் நாடா முடிச்சு விழுந்து, அவிழ மாட்டேன் என்றது. பின்னால் இருந்தவர்கள் முதுகில் இடித்தார்கள். "சட்டுனு கழட்டிப் போடுங்கம்மா, அடுத்த கூட்டம் ஏறணும்ல" என்று படகுக்காரர் கத்தினார். இளமதி பல்லால் கடித்து இழுத்து ஒருவழியாக அதைக் கழற்றிக் குவியலில் எறிந்துவிட்டு, பாறைப் படிக்கட்டில் கால் வைத்தாள். முன்னால் போன அஜித் காதில் போனோடு நின்றான். சுற்றிலும் அவ்வளவு கடல் கிடக்க, அவன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா போயிட்டாராம்" என்றான்.

"எங்க?" என்று கேட்டுவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவளுடைய மாமனார் அய்யாக்கண்ணு, முந்தாநாள் ராத்திரி தட்டில் கை வைத்தபடி இரண்டு பேரையும் கிளப்பிவிட்ட மனுசன். கல்யாணமாகி மூன்று மாதத்தில் இளமதி பார்த்த வெளியூர் அன்னவாசல் சந்தை ஒன்றுதான். ஜவுளிக்கடையில் பில் போடுகிற அஜித்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. அன்று அதற்காகத்தான் அடுக்களையில் சண்டை. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"செவ்வாக்கெழம சாயங்காலம் ஊருல காப்புக் கட்டிருவாங்க. அப்புறம் திருவிழா முடியிற மட்டும் எல்லையத் தாண்டி ராத் தங்கக் கூடாது. போறதுன்னா இப்பவே போங்க" என்றார் அவர். "எங்கப்பா போறது?" என்று கேட்டான் அஜித். அவர் யோசிக்கவேயில்லை. "கன்னியாகுமரிக்குப் போங்க. கடலுக்குள்ள இருக்குற பாறைக்கு மோட்டார் போட்டு விடுறாங்கள்ல, அதுல ஏறுங்க. கல்யாணம் ஆன புதுசுல ஒங்காத்தாள அங்க கூட்டிட்டுப் போனேன். வரிசையில நின்னு நின்னு, எங்க முறை வரும்போது கடல் சரியில்லன்னு நிறுத்திட்டாய்ங்க. கரையில நின்னு அழுதா சொர்ணவல்லி. திரும்பக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவன்தான். எங்க போனேன்?"

மாமியார் சொர்ணவல்லியை இளமதி போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

பொய்யையும் அவரேதான் கட்டிக்கொடுத்தார். "யாரு கேட்டாலும் திருச்சியில கூட்டாளிக்குக் கல்யாணம், போயிருக்காய்ங்கன்னு சொல்லிக்கிறேன். ஒங்கக்கா மணிமேகலைக்குக்கூடச் சொல்ல வேணாம். நம்ம ஊரு வாய்க்கு மூடி கெடையாது." விடியுமுன்னே பைக்கை உருட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். "போட்டுல ஏறிட்டு வந்து எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லணும் ஆத்தா" என்று இளமதியிடம் தனியாகச் சொன்னார். நேற்று ராத்திரியும் லாட்ஜுக்குப் போன் போட்டு, "காலையில மொத போட்டுலயே ஏறிருங்க, வெயிலுக்கு முன்னாடி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் போயிட்டார் என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

திரும்பும் படகுக்கு வரிசையில் வந்து நின்றார்கள். நின்றார்கள், நின்றார்கள், வரிசை ஒரு அடி நகரவில்லை. கடல் உள்வாங்கிக் கிடக்கிறது, தண்ணீர் ஏறினால்தான் படகு என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அந்த மாமியாரைக் கரையில் நிறுத்திய கடல், இன்றைக்கு மருமகளைப் பாறையில் நிறுத்தி வைத்திருந்தது. எதிரே கரை தெரிகிறது. லாட்ஜ் தெரிகிறது. லாட்ஜ் வாசலில் நிற்கிற பைக்கைக்கூட உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் போலிருந்தது. நீந்தவா முடியும்? பக்கத்தில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று அஜித்திடம் போனை நீட்டினார்கள். அவனும் வாங்கி எடுத்துக் கொடுத்தான், மடையன்!

சித்தப்பா முத்துராமன் கூப்பிட்டார். ஊர் அம்பலம் அவர்தான்; கோயில் காரியம், நல்லது கெட்டது எல்லாம் அவர் வாக்குதான்.

"எங்கப்பா இருக்க?"

"கெளம்பிட்டேன் சித்தப்பா. திருச்சி பாலக்கரை தாண்டிட்டேன்" என்றான் அஜித்.

இளமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாறையின் மேல் அலை வந்து அறைந்தது.

"என்னடா எரைச்சலு?"

"பக்கத்துல பஸ்ஸு போகுது சித்தப்பா."

"சரி சரி, வெரசா வா. சாயங்காலம் காப்பு. காப்புக் கட்டிட்டா ஊருக்குள்ள சவம் கெடக்கக் கூடாது, பொழுது சாயுறதுக்குள்ள எடுத்தாகணும். நீ வந்ததும் குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போயிரலாம்."

போன் வைத்ததும் இளமதி பிடித்துக்கொண்டாள். "பாலக்கரைங்கிறீங்க? வாய் கூசலயா? உண்மையச் சொல்லுங்க. தூரத்துல இருக்கோம்னு தெரிஞ்சாத்தான அவங்க ஒரு முடிவுக்கு வருவாங்க?"

"எப்படிச் சொல்லச் சொல்ற? திருச்சின்னு ஊரு பூராச் சொன்னது அப்பா. செத்துக் கெடக்குற மனுசனப் பொய்யனாக்கச் சொல்றியா?"

"உசுரோட இருக்குற நீங்க பொய்யனாகுறீங்களே, அது பரவாயில்லயா?"

"தண்ணி ஏறுனா அஞ்சு நிமிசம். அப்புறம் ஒரே அழுத்து. போயிரலாம் இளா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனிடம் என்ன பேசுவது? அவனும் அழவில்லை. அழுதுவிட்டால் கொஞ்சம் தேவலையாக இருக்கும். நிமிசத்துக்கு ஒருமுறை தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

படகு வந்தபோது உச்சிவெயில். கரையில் இறங்கியதும், "கார் பிடிப்போம்" என்றாள். காரில் போனால் பொழுதோடு போய்விடலாம். பின்சீட்டில் கிடந்து அழவாவது அழலாம். அவன் கேட்கவில்லை. "திருச்சிக்குப் பைக்குல போனவன் கார்ல வந்து எறங்குனா, பைக்கு எங்கடான்னு மொதக் கேள்வி அதான் வரும்" என்று கிக்கரை உதைத்தான். பொய்க்குப் பைக் காவல், பைக்குக்குப் பொய் காவல். அந்த நிமிசத்தில் அவனை அறைந்திருந்தால்கூட அவளுக்குப் பாவமில்லை.

நாலுவழிச் சாலையில் காற்று முகத்தைக் கிழித்தது. அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே வந்தது. அவன் போனும் அவளிடம்தான். எடுத்தால் பொய் சொல்ல வேண்டும், எடுக்காவிட்டால் பழி வரும். இரண்டு தரம் எடுத்து, "வந்துட்டோம் சித்தப்பா, வந்துட்டோம்" என்று அவளும் பொய் சொன்னாள். ஒரு தரம் அவர் கேட்டார்: "ஏம்மா, விராலிமலை வந்திருப்பீகள்ல?" அவள் தலையை நிமிர்த்தினாள். கோவில்பட்டி என்று பலகை வந்தது.

விருதுநகருக்கு முன்னால் பின் டயர் உட்கார்ந்துவிட்டது.

வெயிலில் ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்தால், கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வந்தார். சாவகாசமாக வாய் கொப்பளித்தார். டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, "ரெண்டு எடத்துல போயிருக்கு தம்பி, ஆணி உள்ளயே இருக்கு" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. அஜித் தொட்டியின் ஓரத்தில் குந்தி, தண்ணீரில் குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. மணிமேகலை. அஜித்தின் அக்கா, கட்டிக்கொடுத்த வீடு அடுத்த தெருவிலேயே இருந்ததால், அப்பாவுக்குக் கஞ்சியிலிருந்து மாத்திரை வரை அவள் கைதான். இளமதி போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"மதினி, நாங்க திருச்சியில இல்ல."

"என்னடி சொல்ற?"

"கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். இப்ப விருதுநகர்ல பஞ்சர் ஒட்டிக்கிட்டு நிக்கிறோம்."

அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது. மணிமேகலையின் மூச்சு கேட்டது. திட்டுவாள் என்று இளமதி கண்ணை மூடிக்கொண்டாள். மணிமேகலை கேட்டது, திட்டைவிட மோசமாக இருந்தது.

"இத காலையில சொல்லக் கூடாதாடி? சித்தப்பா கால்ல விழுந்தாவது காப்ப அடுத்த செவ்வாக்கெழமைக்குத் தள்ளியிருப்பேனே. இப்பத் தெருத் தெருவா வேப்பெல கட்டிட்டாங்க, முளப்பாரிக்கு வெதை ஊறப்போட்டாங்க. பக்கத்துலதான இருக்கான், பக்கத்துலதான இருக்கான்னு எல்லாரையும் நானே உக்கார வச்சிருந்தேனே."

"அவரு சொல்ல விடல மதினி."

"சரி. பாத்து வாங்க" என்றாள் மணிமேகலை. "வேகமா வரச் சொல்லாத. இன்னொரு எழவு தாங்காது."

திரும்பி வந்து அஜித்திடம் சொன்னாள். கத்துவான் என்று நினைத்தாள். அவன் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "அப்ப எடுத்துருவாங்க" என்றான். அதற்குமேல் போன் அடிக்கவில்லை. காலையிலிருந்து எரிச்சலூட்டிய சத்தம் நின்றதும், அவள் இரண்டு போனையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தாள்.

மேலூர் தாண்டும்போது அவன் முதுகு குலுங்குவது தெரிந்தது. ரோடு நன்றாகத்தான் இருந்தது. இளமதி அவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டே அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஓரமா நிறுத்துங்க" என்றாள். அவன் நிறுத்தவில்லை. துவரங்குறிச்சி வந்தது, விராலிமலை வந்தது. சித்தப்பா மத்தியானமே கேட்ட விராலிமலை. மயில் ஒன்று ரோட்டைக் கடக்க நிதானமாக நடந்தது. அதற்கும் நின்று வழிவிட வேண்டியிருந்தது.

இலுப்பூர் ரோட்டில் திரும்பும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. ஊர் எல்லையில், தெருவுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் ஆடியது. மாரியம்மன் கோயில் பக்கம் கொட்டுச் சத்தம். எழவுக் கொட்டு இல்லை, சாமிக் கொட்டு. காப்புக் கட்டிவிட்டார்கள். தோரணத்தின் அடியிலேயே, ஓரமாக, செவந்திப்பூவும் பொரியும் ரோடு நெடுக இறைந்து கிடந்தன. சுடுகாட்டுக்குப் போகிற மண்பாதை வரைக்கும் கிடந்தன.

அஜித் தெருமுனையில் அவளை இறக்கிவிட்டான். நேற்று விடியுமுன்னே அவர் நின்று கை காட்டிய அதே இடம். வீட்டுப் பக்கம் அவன் திரும்பவேயில்லை. பூ கிடந்த வழியே வண்டியை விட்டான்.

வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள்கூட அவளை ஒரு பார்வை பார்த்தான். பந்தலுக்குள் பெண்கள் நான்கைந்து பேர். ராக்காயி அத்தைதான் ஆரம்பித்தாள்.

"வந்துட்டா மகராசி! ஏத்தா, திருச்சியில கல்யாணச் சாப்பாடு பலமோ? பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்க மகனுக்கு நேரமில்ல."

"புதுசா வந்தவ, சுத்திக்காட்டணும்ல" என்றாள் இன்னொருத்தி. "பொட்டப்புள்ள கொள்ளிக்குடம் தூக்குனத இந்த ஊரு இன்னைக்குத்தான் பாத்துச்சு."

திருச்சி என்கிறாள். இளமதி நிமிர்ந்தாள். அப்படியென்றால் மணிமேகலை யாரிடமும் சொல்லவில்லை. போனை வைத்த கையோடு, 'தம்பி வண்டி வழியில படுத்துருச்சு, அவன் வந்து சேர மாட்டான்' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பங்காளி மகன் ஒருவன் வைக்கட்டும் என்று சித்தப்பா சொல்ல, "எங்கப்பனுக்கு நான் இருக்கேன்" என்று குடத்தைத் தூக்கியிருக்கிறாள். இதெல்லாம் ராக்காயி அத்தையின் ஏச்சிலிருந்தே துண்டு துண்டாக விளங்கியது.

மணிமேகலை வீட்டின் பக்கவாட்டிலிருந்து வந்தாள். தலைமுடி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளில், குடம் இருந்த இடத்தில், ஜாக்கெட் கிழிந்திருந்தது. கையில் ஒரு குடத் தண்ணீர், செம்பு.

"உள்ள போகாத. இங்கிட்டு வா, காலக் கழுவிட்டுப் போ" என்றாள்.

சாக்கடை ஓரத்துச் சிமெண்டுத் தளத்தில் இளமதி போய் நின்றாள். மணிமேகலை குனிந்து செம்பில் மொண்டாள். பந்தலுக்குக் கேட்காத குரலில், யாரோடோ பேசுகிற மாதிரி பேசினாள்.

"காலையில நெஞ்சு ஒரு மாதிரியா அடைக்குதுன்னாரு. தம்பிக்குப் போன் போடுறேன்னு எடுத்துட்டேன். கையப் புடிச்சுக்கிட்டாரு. வேணாம், இப்பத்தான் போட்டுல ஏறுவாக, கூப்புடாதன்னாரு. திருச்சியில ஏது போட்டு? பொலம்புறாருன்னு நெனச்சேன். வெயில் ஏறட்டும், அப்புறம் கூப்புடுன்னாரு. சரின்னு வெந்நி வைக்கப் போனேன். வந்து பாத்தா..."

இளமதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள் பூராவும் அஜித்தின் மேல் கொட்டிய கோபம் அத்தனைக்கும் இப்போது போவதற்கு இடமில்லை. அந்த மனுசன் இருந்தால் அவரிடமே சண்டை போட்டிருப்பாள்.

"ஏறுனீங்களா?" என்று கேட்டாள் மணிமேகலை.

"ஏறுனோம் மதினி."

மணிமேகலை தலையை ஆட்டினாள். செம்புத் தண்ணீரை இளமதியின் காலில் ஊற்றினாள். விடிகாலையில் அலையில் நிற்பதற்காக மடித்துவிட்ட சுடிதார் மடிப்பு இன்னும் அப்படியே இருந்தது. தண்ணீர் பட்டதும் அது அவிழ்ந்து, உள்ளேயிருந்த மணல் சிமெண்டில் கொட்டியது. கறுப்பும் சிவப்புமாக, இந்தப் பக்கத்து ஆற்றிலும் குளத்திலும் இல்லாத மணல். பந்தலிலிருந்து ராக்காயி அத்தை எட்டிப் பார்த்தாள்.

மணிமேகலை குறுக்கே நகர்ந்து நின்றுகொண்டாள். இன்னொரு செம்பு மொண்டாள். மணல் முழுக்கச் சாக்கடைக்குள் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.